நான்காவது கிளை

நீங்கள் அழைப்புமணியை அழுத்தியபோது சுவரில் ஒட்டிய பேட்டிக் குறிப்புக் காகிதங்களை உரித்துக்கொண்டிருந்தேன். அவசரம்தான், ஆனாலும் மெதுவாகத்தான் உரிக்க வேண்டும். பறித்தால் சுவர் வண்ணமும் கூடவே வந்துவிடும், வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். உட்காருங்கள் ஐயா. அந்தக் கட்டிலிலேயே உட்காரலாம். என் மாமனாருடையது, இப்போது காலியாகத்தான் கிடக்கிறது.

உங்களுக்குத் தெரியவேண்டியது ஒரே விஷயம் என்று போனிலேயே சொல்லிவிட்டீர்கள். போன மாதம் எங்கள் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்று மாமனார் இறந்துபோனாரே, அப்போது உதவி மையத்திலிருந்து பேசிய பெண் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாரா, இல்லையா. கேட்கவில்லை என்று உங்கள் ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்டேன் என்று அவர் அடித்துச் சொல்கிறார். மையத்தில் அழைப்புகளைப் பதிவு செய்வதில்லை. அவருக்கு வேலை போய்விட்டது; வழக்கும் அவர் தலையில்தான் விடியப்போகிறது. வேறு சிலவும் சொல்லியிருப்பார். வரிசையாக வருகிறேன். வரிசை தவறினால் எனக்குக் குழம்பிவிடும்.

ஒரு பொருளை ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று கூர்ந்து பார்ப்பது என் வேலை. எங்கள் கம்பெனி மைண்ட் மேப் விற்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் தடித்தடியான பாடப் புத்தகங்களைப் புரட்டாமல் ஒரே படத்தில் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைக்குள் கிளைகள். லிஃப்ட் உதவி மையம் எங்களிடம் அப்படி ஒரு படம் கேட்டது. எங்கோ ஒரு கட்டடத்தில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், தன் வீட்டில் உட்கார்ந்தபடி பதில் சொல்லும் நானூறு பேருக்கான படம். நடு வட்டத்தில் ‘மணி அடிக்கிறது’ என்று எழுதியிருக்கும்.

படத்தை முன்கூட்டியே வாங்கிப் புழங்கிப் பார்த்த எட்டுப் பேரை வீடியோவில் பேட்டி கண்டேன். பெயர் எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை, எண்தான். இந்தப் பெண் ஆறாம் எண். சமையலறை மேஜையில் காய்கறித் தட்டைத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறப்பார்.

“நான் ஒரு கேள்வி கேட்டாலே எங்க வீட்டுக்காரருக்கு எரிச்சல் வரும் சார். இங்க என்னடான்னா அதையே வேலையா குடுத்திருக்காங்க” என்பார்.

படத்தில் கிளைகள் மடங்கியிருக்கும். ஓரத்திலுள்ள கூட்டல் குறியைத் தொட்டால் விரியும். எட்டுப் பேரும் மூன்றாவது கிளை வரை போனார்கள். நான்காவதை ஒருவரும் தொடவில்லை. ‘பேச்சு திணறுகிறது’ என்பது அங்கேதான் இருந்தது. அதைத் திறந்தால் இரண்டு வரி. மருந்து கையில் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் மெக்கானிக்குக்காகக் காத்திராமல் ஆம்புலன்ஸை அனுப்பு. இதை நடு வட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டும் என்று எழுதினேன்.

எங்கள் மேலாளர் சிரித்துவிட்டார். “பயிற்சின்னு தெரிஞ்சா யாருப்பா மெனக்கெடுவாங்க? நெஜமா மணி அடிச்சா எல்லாத்தையும் தொறப்பாங்க. எட்டு பேரு சோம்பேறித்தனமா இருந்தாங்கன்னு படத்த மாத்த முடியுமா? பதினஞ்சாம் தேதி நானூறு பேருக்கும் போகுது, அவ்வளவுதான்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிஜ மணி ஒன்று வேண்டும்.

இந்த அறையைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், கையை நீட்டித் தொடலாம். இரண்டு வருடமாக இதுதான் என் அலுவலகம், இதுதான் மாமனாரின் படுக்கையறை. பஸ் கண்டக்டராக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய் எங்களோடு வந்து சேர்ந்தார். நான் பேட்டி எடுக்கும்போது கேமராவில் விழாமல் சுவரோரமாக ஒடுங்கிக்கொள்வார். இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார். பதிவில் அது கேட்காது. எனக்குக் கேட்கும், ஒரு நாளைக்கு நாற்பது தடவை. ஒரு தடவைகூட நான் முகம் சுளித்ததில்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

லேப்டாப்பை மூடியதும் வாயைத் திறப்பார். “அந்த ஆறாம் நம்பர் பொண்ணு படு சூட்டிகை மாப்ள. என் பஸ்ல ஏத்தி விட்டிருந்தா ஒருத்தனும் டிக்கெட் வாங்காம எறங்கியிருக்க முடியாது.”

அவரிடம் ஒப்புதல் படிவம் வாங்கினேன். கலந்துகொள்கிறவரின் கையெழுத்து இல்லாமல் நான் எந்த ஆய்வும் செய்வதில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. “உங்க வேலைக்குன்னா எதுக்கு மாப்ள படிச்சுக்கிட்டு. எங்க போடணும்னு காட்டுங்க” என்றார். விரும்பினால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்று மூன்றாவது பத்தியில் தெளிவாக இருக்கிறது.

மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை எங்கள் பகுதி அழைப்புகள் ஆறாம் எண்ணுக்குத்தான் போகும். அவரே பேட்டியில் சொன்னது. மாமனார் தினமும் நான்கு மணிக்குக் கீழே நடக்கப் போவார். அன்று நானும் துணைக்கு வருகிறேன் என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ஓடும் லிஃப்டை நிறுத்துவது பெரிய வித்தையல்ல. உள்கதவைப் பிடித்து இழுத்தால் நின்றுவிடும். மெக்கானிக் வந்து விடுவிக்கும்வரை அசையாது. இதுவும் பேட்டியில் தெரிந்துகொண்டதுதான். அவர் தலைக்கு மேலே மாறும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இழுத்தேன்.

மணியை அவரையே அழுத்தச் சொன்னேன். “நீங்களே பேசுங்க மாமா. என் படம் வேலை செய்யுதான்னு பாத்துக்கறேன்” என்று கைப்பேசியில் பதிவை ஓடவிட்டேன். குரல் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி ஆறு விரல்களைக் காட்டினார்.

“பயப்படாதீங்க ஐயா, ஆள் கெளம்பியாச்சு. உள்ள எத்தனை பேரு?”

“ரெண்டு பேரும்மா. நான் விசிலே அடிக்கல, வண்டி தானா நின்னுடுச்சு.”

அந்தப் பெண் சிரித்தார். முதல் கிளை, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்துக்கொண்டேன். உள்ளே விசிறி ஓடவில்லை. ஏழாவது நிமிடத்தில் மாமனாருடைய வாக்கியங்கள் பாதியில் நிற்கத் தொடங்கின. சுவரில் சரிந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். இன்ஹேலர் வீட்டிலேயே தங்கிவிட்டது என்று அப்போது உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. கிளம்பும்போதே என்னிடம் கொடுத்திருந்தார். என் சட்டைப்பையில்தான் இருந்தது. பார்வையாளன் குறுக்கிட்டால் ஆய்வு கெட்டுவிடும். விலகிக்கொள்கிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

மெக்கானிக் வந்து கதவைத் திறக்க நாற்பத்தோரு நிமிடம் ஆயிற்று.

நான் அதை வீணாக்கவில்லை. பதினான்காம் தேதியே அறிக்கை கொடுத்தேன். மேலாளர் இந்த முறை சிரிக்கவில்லை. நான்காவது கிளை இப்போது நடு வட்டத்தை ஒட்டியே இருக்கிறது. நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் முதல் கேள்வியே அதுதான். இதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். விசில் அடிக்காத கதையைச் சொல்வேன். சிரித்துக்கொண்டே அழுவாள். ஒரே பதிலைத் தினமும் சொல்கிறேன், அவளும் தினமும் கேட்கிறாள். இந்த வீட்டில் அதைவிட்டு வேறு பேச்சுக்குப் போக வழியில்லை. கட்டில் காலியாகியும் அறை பெரிதாகவில்லை ஐயா. பேட்டியின் நடுவே நான் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே சத்தம் எதுவும் இல்லை.

சரி, உங்கள் கேள்வி. மூலப் பதிவை அழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இதோ கைப்பேசி. ஒன்பதாவது நிமிடத்திலிருந்து கேளுங்கள்.

“ஐயாவுக்கு மூச்சு எரைக்குதே. மருந்து ஏதாவது கையில இருக்கா? கூட இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க. இல்லன்னா இப்பவே ஆம்புலன்ஸ் அனுப்பிடறேன்.”

ஆமாம். திறந்துவிட்டார். எட்டுப் பேட்டிகள், ஆறு வாரம், மேலாளரின் சிரிப்பு, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தவிடுபொடியாகியிருக்கும். அடுத்துக் கேட்பது என் குரல்.

“மருந்து குடுத்தாச்சும்மா. நல்லா இருக்காரு. ஆம்புலன்ஸ் எல்லாம் வேணாம்.”

“சார், நீங்களா? நீங்க கூட இருக்கீங்கன்னா எனக்கு பயமே இல்ல சார்.”

அதற்குப் பிறகு அவர் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். மாமனாரின் கை இருபதாவது நிமிடம் வரை நீட்டியபடியே இருந்தது. அறிக்கையில் நான்காவது கிளைக்கு நேராகத் ‘திறக்கவில்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு வரியை வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா, முடிவு சரியானதுதான்.