எழுபது கிலோ

உச்சி வெயில். மணி பன்னெண்டே கால். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டை விட்டுப் பிரியும் மண் தடம். ரெண்டு பக்கமும் மரவள்ளிக் காடு... ஒரு ஆள் இல்லை.

பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க.

அந்தத் தடத்தில் பைக்கில் போனது என் சிநேகிதனோட மச்சான் தனபால். பிரிண்டர் ரிப்பேர் பண்றவர். வீட்டில் பதினோரு நாள் குழந்தை. சாவு விழுந்த இடத்துக்குப் போய்விட்டு அப்படியே வீட்டுக்குள் வரக் கூடாதென்று மனைவி மைதிலி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் போனிலேயே விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

"துக்கமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வாங்க" என்றிருந்தார் ஜவ்வரிசி ஆலை முதலாளி மருதாசலம்.

ஆலை முழுக்கப் புளித்த மாவு வாடை. லாரி எடை போடும் மேடையின் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால், ஆபீஸ் பிரிண்டரில் எடைச் சீட்டு வரவில்லை. தனபால் தேடிப் பார்த்தார். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி நம்பர் உண்டு. பிரிண்டருக்கு ஐம்பத்திரண்டு. அதே நம்பரில் வேறு ஏதோ ஒன்றும் குறுக்கே நின்றது. சாதாரணக் கோளாறுதான். பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து 'இருக்கிறாயா' என்று ஐம்பத்திரண்டைக் கூப்பிட்டார்.

பதில் வந்தது.

சரி, வேறு மெஷின். கம்ப்யூட்டர் ஒயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கினார். டிக்... டிக்... டிக். இனி பதில் சொல்ல எதுவுமே இல்லை. கூப்பிட்டார்.

பதில் வந்தது.

"ஏனுங்க... இந்த நம்பர் முன்னாடி யாருதுங்க?"

மருதாசலம் கழுத்தைத் துடைத்தார். "எடை போடுற குமரகுருவோட கம்ப்யூட்டருதுங்க. போன மாசம் அந்தச் சேர்லயே உசுரு போயிருச்சு. அவரு பொழங்குனது எதுவும் இங்க இருக்கக் கூடாதுன்னு, கம்ப்யூட்டரைத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டோம். நம்பர் சும்மாதானே கெடந்துச்சு..."

"போன்ல இல்லைன்னீங்களே?"

"சொன்னா வந்திருப்பீங்களா சாமி?"

தனபால் பிரிண்டருக்கு வேறு நம்பர் போட்டார். சீட்டு வருகிறதா என்று பார்க்க, பைக்கோடு மேடையில் ஏறி நின்றார்.

வந்தது. இருநூற்று அறுபது கிலோ.

பைக் நூற்று இருபது. தனபால் எழுபது.

மருதாசலம் சீட்டையும் பார்த்தார், பைக்கின் பின் சீட்டையும் பார்த்தார்.

ராசிபுரத்தில் வேறொரு எடை மேடையில் பைக்கோடு ஏறினார் தனபால். அங்கேயும் இருநூற்று அறுபது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. வெளியூர் வேலை என்று பொய் சொல்லி லாட்ஜில் தங்கினார். குழந்தை அழுவதைப் போனில் கேட்டுக்கொள்வார். விடிந்ததும் எடை மேடைக்கு ஓடுவார். இருநூற்று அறுபது... இருநூற்று அறுபது...

ஒன்பதாம் நாள் காலை. நூற்றுத் தொண்ணூறு.

மேடையிலிருந்து இறங்கக்கூட இல்லை. அங்கிருந்தே போன் போட்டார். "மைதிலி, நான் ஊட்டுக்கு வாரேன்."

அந்தப் பக்கம் கிரீச்... கிரீச்... என்று ஒரு சத்தம். குழந்தை எழுந்துவிடாமல் மைதிலி மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க... தொட்டிலை ஆட்டிக்கிட்டே எதுக்குங்க போன் பண்றீங்க?"