சீமாட்டி தயக்கம்

ஆகஸ்ட் மாதத்தில் எடின்பரோக்காரர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வீட்டைக் கலை விழாவுக்கு வருகிறவர்களிடம் வாடகைக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடிப்போகும். இன்னொரு வகை, ஓர் அறையை மட்டும் விட்டுவிட்டு மாதம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நானும் நெட்டாவும் இரண்டாவது வகை. முணுமுணுக்கிற வேலை என்னுடையது. வந்தவர்களுக்கு முட்டை பொரித்துக் கொடுக்கிற வேலை அவளுடையது.

நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன், சார்ஜென்ட். என் முழுப்பெயர் யூஃபீமியா கில்க்ரிஸ்ட். எல்லோரும் எஃபி என்பார்கள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்லி உள்ளே அனுப்புவதுதான் என் உத்தியோகம். அதனால் குரலை உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் அந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

நெட்டா பர்வ்ஸ் என் சிநேகிதி. பெரிய துணிக்கடை ஒன்றில் கையுறைப் பிரிவில் காலமெல்லாம் நின்றவள். அவள் கணவன் போன பிறகு, தனியாகக் கிடக்கிறாளே என்று என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டேன். சாதுவான பெண். எதைக் கேட்டாலும் "நீ சொல்லுடி எஃபி" என்பாள். திரைச்சீலை என்ன நிறம், ஞாயிற்றுக்கிழமை என்ன சூப், மழைக்கோட்டு மாட்ட வேண்டுமா வேண்டாமா, எல்லாம் நான் சொல்வேன். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் அறைக்கு வந்தவன் ஃபின்டன் மல்குயின். டப்ளின்காரன். காபரே நிகழ்ச்சி ஒன்றை மேடையில் நின்று நடத்துகிறவன். முதல் நாளே எங்கள் சமையலறையில் ஜிகினா தைத்த ஊதாக் கோட்டு ஒன்றை இஸ்திரி போட்டான். வெண்ணெயில் ஜிகினா விழுந்தது. நான் கத்தி நுனியால் பொறுக்கி எடுத்தேன். நெட்டா அப்படியே ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாள்.

"உள்ளயும் கொஞ்சம் மின்னட்டும்டி," என்றாள்.

அவன் எங்கள் இருவருக்கும் முன்வரிசையில் இரண்டு சீட்டுக் கொடுத்தான். மாலை ஏழு மணிக் காட்சி. வெயில் இன்னும் இறங்கவில்லை. சதுக்கத்தின் நடுவே, உள்ளே சுற்றிலும் கண்ணாடி பதித்த வட்டமான கூடாரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மழைக்கோட்டுதான் தெரிந்தது.

முதலில் ஒருவன் ஏணி மேல் தலைகீழாக நின்றபடி கால்சட்டையைக் கழற்றி, மடித்து, ஹேங்கரில் மாட்டினான். மடிப்பு நேராக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு வங்கி மேனேஜர் வேடத்தில் ஒரு பெண் வந்தாள். நல்ல சதைப்பிடிப்பான பெண். குடை, தொப்பி, டை, கோட்டு என்று ஒவ்வொன்றாக உதறிவிட்டுக் கடைசியில் இரண்டு குஞ்சங்களோடு நின்றாள். குஞ்சங்கள் எங்கே இருந்தன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று வலப்பக்கமாகவும் ஒன்று இடப்பக்கமாகவும் சுற்றின.

"எஃபி, அதெப்படிடி எதிரெதிரா சுத்துது?" என்று நெட்டா என் காதைக் கடித்தாள்.

"பயிற்சி," என்றேன்.

நானும் சிரித்தேன், சார்ஜென்ட். கைதட்டவும் செய்தேன். அந்தப் பொழுதை நான் ரசிக்கவில்லை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது உண்மையில்லை.

அப்புறம் ஃபின்டன் முழங்கை வரை நீளும் கறுப்புப் பட்டுக் கையுறை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கூட்டத்துல கையுறையை ஒழுங்கா கழட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் உண்டா? இழுத்துப் பிடுங்கறவங்க வேணாம், அவங்க வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்கலாம்," என்றான்.

என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். எதற்காகவும் நெட்டா கை தூக்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

ஃபின்டன் அவளை மேடையில் ஏற்றி, மழைக்கோட்டை வாங்கி, கையுறையை மாட்டிவிட்டுக் கேட்டான்: "அம்மணிக்கு இதுல அனுபவம் உண்டோ?"

"ஊர்ல பாதிப் பேருக்கு மாட்டிவிட்டிருக்கேன்பா," என்றாள். "கழட்டப் போறது இன்னிக்குத்தான்."

கூட்டம் சிரித்தது. டிரம்காரன் மெல்லத் தட்ட ஆரம்பித்தான். நெட்டா அவசரப்படவில்லை. சுண்டுவிரல் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தாள். நிறுத்தினாள். முன்வரிசையில் தாடி வைத்த ஒருவரைப் பார்த்தாள், அவர் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதைப் போல. அடுத்த விரல். அதற்கடுத்த விரல். முழங்கையிலிருந்து பட்டு வழுக்கிக்கொண்டு வந்து மணிக்கட்டில் நின்றது. கூடாரத்தில் ஒருவரும் இருமவில்லை. கடைசி விரலுக்கு வந்ததும், மனம் மாறிவிட்டவளைப் போலப் பெருமூச்சு விட்டு, முழுக் கையுறையையும் மறுபடி முழங்கை வரை இழுத்து மாட்டிக்கொண்டு, "வேணாம், வெளியே குளுரும்," என்றாள்.

நாற்காலிகள் ஆடுகிற அளவுக்கு ஜனங்கள் காலைத் தட்டினார்கள். அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒரு துணியைக்கூடக் கழற்றவில்லை. தாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

இடைவேளையில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சின்னப் பெண் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "பாட்டி, எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுக்கறீங்களா? கொஞ்சம் தள்ளி நின்னு," என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது. என்ன கேட்டீர்கள்? கோபமா? இல்லை. எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், இந்தப் பரபரப்பு இவள் உடம்புக்கு ஆகாதே என்பதுதான்.

மறுநாள் காலை முட்டை சாப்பிட்டுக்கொண்டே ஃபின்டன் அவளைத் தினமும் வரச் சொன்னான். பெயரும் வைத்தான்: சீமாட்டி தயக்கம். விழா முடிவதற்குள் அந்தப் பெயர் சுவரொட்டியில் ஏறிவிட்டது. மீன்கடையில் ஆட்கள் அவளிடம், "என்ன சீமாட்டி, மீனை எடுக்கவா, யோசிச்சுச் சொல்றீங்களா?" என்று வம்பு பண்ணினார்கள். அவளும் விடாமல், "முதல்ல நீ உன் உறையைக் கழட்டுப்பா, பாக்கறேன்," என்றாள். என் பக்கத்தில் நின்றுகொண்டு.

ஒரு காலை, ரொட்டியில் மார்மலேட் தடவியபடி சொன்னாள்: "எஃபி, இது முடிஞ்சதும் இவங்க டப்ளின் விழாவுக்குப் போறாங்க. அங்கிருந்து கார்க், கால்வே. என்னையும் கூப்பிடறாங்க. நான் போலாம்னு இருக்கேன்டி."

கவனியுங்கள், அவள் என்னைக் கேட்கவில்லை. சொன்னாள்.

"தாராளமா போயிட்டு வா," என்றேன்.

அன்று மத்தியானம் அவள் வீட்டுச் சாவியை எடுத்து ரொட்டி டப்பாவில் வைத்தேன். பெரிய திட்டம் எதுவும் கிடையாது. கையில் சாவி இருந்தது, டப்பா திறந்திருந்தது. அவள் வீடு முழுக்கத் தேடிக் களைத்த பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு நாள் கழித்து மூக்குக் கண்ணாடி ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கும் சிரித்தாள், கொஞ்சம் குறைவாக. பிறகு நான் அவள் சொல்லாததையெல்லாம் சொன்னதாக நினைவுபடுத்த ஆரம்பித்தேன்.

"நேத்து நீதானேடி மீன் சூப் வேணும்னே?"

"நானா? எப்போடி?"

"பரவால்ல விடு. வயசானா அப்படித்தான்."

ஒருநாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவள் தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சாவி கொக்கியில. கண்ணாடி மேசையில. சாவி கொக்கியில." எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

டாக்டரிடமும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இது என்ன மாதம் என்று கேட்டார். நெட்டாவுக்குக் கண் சொக்கியது. வெகுநேரம் தரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி எஃபி," என்றாள்.

நான் சொன்னேன். எத்தனை நாள் கழித்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன் என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் அதைக் கவனித்துவிட்டு, மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்று சொல்லி என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஃபின்டனிடம் மாடிப்படியில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அழுதுவிட்டான். ஜிகினா என் ஸ்வெட்டரெல்லாம் ஒட்டிக்கொண்டது. "அவங்கள எப்படிம்மா விட்டுட்டுப் போறது?" என்றான். "கூட்டிட்டுப் போறதுதான் தப்புப்பா," என்றேன். அவன் சரி என்றான். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. நெட்டா என்ன செய்தாள் தெரியுமா? அன்று சாயங்காலம் சமையலறையில் என்னையும் அவனையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் முதுகு நேராக இருந்தது.

"எனக்கு மூளை கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. தெரியுது. எஃபி பாவம், மறைக்கப் பாக்கறா," என்றாள். "அப்ப அது முழுசா போறதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறேன். மேடையில நான் மறந்து நின்னாலும் தயக்கம்னு நினைச்சு கைதட்டுவாங்க. என் வியாதிக்கு இதைவிட நல்ல வேலை எங்க கிடைக்கும்?"

ஃபின்டன் சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். நான் செய்ததெல்லாம் அவளைப் பெட்டி கட்ட வைத்துவிட்டது என்பது எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு நாளும் அவள் வீட்டுக்கு வரவில்லை. குஞ்சக்காரப் பெண் தங்கியிருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டாள். இன்று காலை விமானம். நான் உங்கள் நிலையத்துக்கு போன் செய்து, மறதி நோய்க்காரி ஒருத்தி வீட்டைவிட்டுப் போய்விட்டாள், யாரோ ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் பின்னால் போகிறாள், தன் பெயரைக்கூடச் சீமாட்டி என்று சொல்வாள் என்றேன். டாக்டரின் பெயரையும் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் மிக மரியாதையாக நடந்துகொண்டார்களாம். விமானத்தில் ஏறுகிற வரிசையிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தார்களாம். அவள் எதிர்க்கவில்லையாம். "எனக்கு இது நடக்கும்னு தெரியும்," என்று மட்டும் சொன்னாளாம். பார்த்தீர்களா, அவளே ஒப்புக்கொள்கிறாள்.

ஆனால் பக்கத்து அறையில் உங்கள் நர்ஸ் கேட்ட எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். மாதம், கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, எல்லாம். நர்ஸின் கையுறை ஒரு அளவு பெரிது என்றும் சொன்னாளாம். நீங்கள் அதைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள்: டாக்டர் எதிரே மாதம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு, வீட்டைவிட்டு இரண்டு நாள் வெளியே இருந்ததும் எப்படித் தலை தெளிந்தது?

நியாயமான கேள்வி. அது என் தூக்க மாத்திரை. எனக்கு எழுதிக் கொடுத்தது. படுக்கப் போகும்போது அவள் கோகோ குடிப்பாள். அதில் பொடித்துப் போட்டேன். டாக்டரிடம் போன அன்று காலையிலும் போட்டேன். சாவி, கண்ணாடி, மீன் சூப், டெலிபோன், எல்லாம் நான்தான். வேறு யாரையும் நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அடுத்த விமானத்தில் அவள் போகலாம் என்கிறீர்கள். ஃபின்டன் அவனுடைய விமானத்தை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறான் என்கிறீர்கள். நல்ல பையன்.

ஒரே ஒரு உதவி. இதையெல்லாம் அவளிடம் யார் சொல்லப் போகிறீர்களோ, கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். கூடவே, மாத்திரை போட்ட நாளெல்லாம் நான் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அவளுக்குக் கசப்பு ஆகாது.