எழுந்திருடா, வேலை போயிடுச்சு

கொத்துக்கறியும் பீன்ஸும் போட்டுச் செய்கிற சில்லியை முதல் நாளே சமைத்து வைத்துவிட வேண்டும். மறுநாள்தான் ருசி கூடும். எங்கள் ஊரான டுலூத்தில் என் சில்லிக்கு நல்ல பெயர் உண்டு. ஓர்வில் நைகார்ட் முப்பது வருஷமாக அதைச் சாப்பிட்டான். வேறு யார் எதைக் கொடுத்தாலும், "இதுல வேர்க்கடலை இருக்கா?" என்று கேட்காமல் வாயில் வைக்க மாட்டான். கடலை துளி பட்டாலும் அவனுக்குத் தொண்டை அடைத்துவிடும். என்னிடம் மட்டும் கேட்டதில்லை.

'ஈரக் காலுறை' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதிகாரி. வந்தபோது ஓடவில்லை. பிறகு கேசட்டில் பார்த்தவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். அதே கற்பனை ஊரில், அதே ஆட்களோடு இன்னும் நான்கு படங்கள் வந்தன. ஓர்வில்தான் சோம்பேறி ஸ்கிப். வேலை என்ற சொல்லைக் கேட்டாலே செத்து விழுவான். அவன் சிநேகிதன் மில்ட்டாக வந்தவன் நான். "எழுந்திருடா, வேலை போயிடுச்சு" என்பேன். துள்ளி எழுவான்.

விழுந்தவனை எல்லோருக்கும் தெரியும். எழுப்பியவனிடம் கேமராவைக் கொடுத்து, "ஓர்வில்கூட எங்களை ஒரு படம் எடுங்களேன்" என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வசந்தத்தில் அவன் போன் செய்தான்.

"ஆறாவது படம் எடுக்கறாங்கடா, வெர்ன். நீ இதுல இல்ல."

"மில்ட் என்ன ஆனான்?"

"அரிசோனாவுக்குக் குடி போயிட்டானாம். ஒரே வரி. அதையும் நான்தான் சொல்றேன். செம சிரிப்புடா!"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அக்டோபரில் ரசிகர்கள் ஒரு ஓட்டல் மண்டபத்தில் கூடினார்கள். அன்றைய சில்லியில் இரண்டு கரண்டி பீனட் பட்டர் கலந்தேன். காரத்தில் தெரியாது. ஆபத்துக்கு உதவும் ஊசி எப்போதும் அவன் கோட்டுப் பையில் இருக்கும். "புழுக்கமா இருக்கு, கோட்டைக் குடு" என்றேன். "நீ இல்லாட்டி எனக்கு யாருடா இருக்கா" என்று கழற்றிக் கொடுத்தான். என் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு மேடையேறினான்.

"எங்க கடைல வேலை இருக்கு, வர்றீங்களா?" என்று வழக்கம்போல ஒருவர் கத்தினார். ஓர்வில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவன் அவ்வளவு நன்றாக விழுந்து நான் பார்த்ததில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். "நான் நர்ஸ். அவர் உதடு நீலமாகுது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

மைக்கை வாங்கினேன். "உக்காரும்மா. அஞ்சு படமா இப்படித்தான் சாகறான்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் முகம் சிவந்து, அசட்டுச் சிரிப்போடு போய் உட்கார்ந்தாள். நான் என் வசனத்தைச் சொன்னேன். கூட்டமே என்னோடு சேர்ந்து சொன்னது. மறுபடி சொன்னேன். மறுபடியும்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் என் கால்சட்டை விளிம்பைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன். உதடு அசைந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்ததால் எதுவும் காதில் விழவில்லை. நன்றி என்றுதான் சொல்லியிருப்பான்.