பையில் தங்கிய இரண்டு குழாய்

— "2025 ஜூலை 15, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சேரன்மகாதேவியில் சந்தனமாரி அக்காவிடம் எடுத்த இரண்டு குழாய் ரத்தத்தையும் ஐஸ் பெட்டியில் வைக்க மறந்து, என் தோள்பையிலேயே போட்டுவிட்டேன். மாலை வகுப்பில் பேனா எடுக்கும்போதுதான் பார்த்தேன். நாளை: சாரிடம் சொல்லிவிட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சேரன்மகாதேவிக்குப் போக வேண்டும்." ஏ பிள்ள ஸ்டெபி, இது என்ன, டைரியா, வாக்குமூலமா?

— என் நோட்டு சார். குடுங்க. ரசீது புக்குன்னு நெனைச்சு கவுண்டர்ல வச்சுட்டேன் போலிருக்கு. அதுவும் என் தப்புதான்.

— உக்காரு. கிளாஸ் ஆறு மணிக்குத்தானே, இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. ஊரு பூரா பாக்கியசீலன் லேபுன்னு நம்பி ரத்தத்தைக் குடுக்குது. இங்கன வேலை பாக்குத பிள்ள என் லேபைப் பத்திக் கதை எழுதுது.

— லேபைப் பத்தி இல்ல சார், என்னைப் பத்தி. தினமும் ஏதாவது ஒரு தப்பு செய்யுதேன். எழுதி வச்சா மறுபடி செய்ய மாட்டேன்னு எழுதுதேன்.

— மறுபடியும் செய்யுதியே.

— ஆமா சார். ஆனா அதே தப்பைச் செய்யலை.

— வாய் மட்டும் குறைச்சலில்ல. ரத்தத்தைப் பையில போட்டுட்டுப் போகுற அளவுக்கு அப்படி என்ன அவசரம்?

— ஊசியை உருவுனதும் அக்கா அப்படியே சாஞ்சுட்டாவ. ஒரு கையால அவியளைத் தாங்கிட்டு, மறு கையில இருந்ததைப் பைக்குள்ள விட்டேன். தண்ணி குடுத்து, முகத்தைத் துடைச்சு, சுவத்தோரமா சாய்ச்சு உக்கார வச்சுட்டு வந்தேன். பெட்டி மூடித்தான் இருந்துச்சு. உள்ள எல்லாம் இருக்குன்னு நெனைச்சிட்டேன்.

— சரி, மனுஷி விழுந்தா தாங்கத்தான் செய்யணும். இதுக்கு நான் உன்னை ஏசப் போறதில்ல. ஆனா மறுநாள் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்லா?

— சொல்லத்தான் கிளம்புனேன் சார். அடுத்த பக்கத்தை வாசிங்க.

— "ஜூலை 16, புதன். காலை எட்டு மணிக்குச் சந்தனமாரி அக்கா போன் செய்தார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். எழுபத்திரண்டு சோதனையும் சரியாக இருக்கிறதாம். பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு குழாயும் அப்படியே இருந்தன. நான்தான் எங்கேயோ தப்பாக எண்ணியிருக்கிறேன்." பாத்தியா, நீயே எழுதியிருக்க. தப்பா எண்ணிட்ட. முடிஞ்சுது.

— நானும் அப்படித்தான் நெனைச்சேன். எனக்கு என் மேலயே நம்பிக்கை கிடையாது, உங்களுக்குத் தெரியும். அதனால மூணு தடவை எண்ணிப் பாத்தேன். அன்னைக்கு எட்டு வீடு, பதினாறு குழாய். லேபுல தானியேல் அண்ணன் வாங்கி வைக்கும்போது பதினாலுன்னு எழுதியிருக்காவ. நான் பாக்காமலே கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா ரிப்போர்ட் எட்டுப் பேருக்கும் போயிருக்கு.

— தானியேல் தூங்கிட்டே எண்ணுவான். அவன் கணக்கை நம்பி என்னைக் கேள்வி கேக்கியா?

— அவிய கணக்கை விடுங்க சார். குழாய் ரெண்டும் எங்கிட்ட இருக்கே. பேரு, தேதி, மணி எல்லாம் என் கையெழுத்துல.

— இன்னும் வச்சிருக்கியா? எங்கன?

— வீட்டு ஃபிரிட்ஜ்ல. மீன் வைக்கிற இடத்துல மனுஷ ரத்தத்தை வைக்கியேன்னு அம்மாகிட்ட நல்லா ஏச்சு வாங்குனேன்.

— பைய பேசு. வெளிய ரெண்டு பேரு உக்காந்திருக்காவ. அந்தக் கதவைச் சாத்து.

— சாத்திட்டேன்.

— சங்கதி என்னன்னா, பிள்ள, டாக்டர் சீட்டு எழுதி அனுப்புத ரத்தத்தை நான் ஒழுங்கா மெஷின்ல வைக்கேன். அதுல கை வைக்க மாட்டேன், ஆண்டவர் சாட்சி. இந்த எழுபத்திரண்டு சோதனைப் பேக்கேஜ்காரங்க வேற. ஒரு டாக்டரும் அனுப்பாம, அசதியா இருக்கு, தலை கிறுகிறுங்குது, என்னன்னு தெரியலன்னு அவியளா வாராவ. பதினோரு வருஷமா பாக்கேன். நூத்துல தொண்ணூறு பேருக்கு ஒண்ணும் இருக்காது. அவியளுக்கு வேண்டியது ஒரு தாள், 'உனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுத தாள். அதை நான் குடுக்கேன். வாங்கிட்டுப் போய் நிம்மதியாத் தூங்குதாவ.

— அந்த மீதிப் பத்துப் பேரு?

— அவியளுக்கு முத்துச்சுன்னா தானா டாக்டர்கிட்ட போவாவ. அவரு சீட்டு எழுதுவாரு. மறுபடி இங்கதானே வரணும்.

— அப்ப ஒழுங்கா வைப்பீய.

— அப்ப ஒழுங்கா வைப்பேன்.

— சந்தனமாரி அக்கா நிம்மதியாத் தூங்கலை சார். நேத்து வேலை முடிஞ்சதும் போய்ப் பாத்தேன்.

— உன்னை யாரு போகச் சொன்னா?

— யாரும் சொல்லலை. மறுபடி ரத்தம் எடுக்கப் போறேன்னு எழுதி வச்சிருந்தேன், அதனால போனேன். அக்கா பீடி சுத்துதாவ சார். முந்தி ஒரு நாளைக்குச் சுத்துனதுல இப்ப பாதிகூட முடியலையாம். பீடித் தட்டை மடியில வச்சமேனிக்கே கண்ணு சொருகிருதாம். அவிய வீட்டுக்காரர் ஐயம்பெருமாள், லோடு ஆட்டோ ஓட்டுதவரு, அந்த ரிப்போர்ட்டைக் கடையில குடுத்துப் பிரிண்டு போட்டு பிளாஸ்டிக் உறை மாட்டி வச்சிருக்காரு. அக்காவோட அண்ணன்மாரை வீட்டுக்கு வரவழைச்சு, எழுபத்திரண்டையும் ஒண்ணொண்ணா வாசிச்சுக் காட்டியிருக்காரு. இதுல ஒண்ணுலயாவது சீக்குன்னு வந்திருந்தா நான் தாங்கு தாங்குன்னு தாங்கியிருப்பேனே, இவளுக்கு உடம்பு பூரா நடிப்புன்னாராம். மூத்த அண்ணன் எந்திரிச்சு, இனிமே முடியலன்னு எங்க வீட்டுல வந்து படுக்காதன்னுட்டாராம். அக்கா நாலு நாள் கண்ணை மூடிப் படுத்துக் கெடக்குறதுக்கு உண்டான இடம் அது ஒண்ணுதான்.

— அது அவங்க குடும்பச் சண்டை. அதுக்கு நான் என்ன செய்ய?

— எல்லாத்தையும் சொல்லிட்டு அக்கா எங்கிட்ட ஒண்ணு கேட்டாவ சார். 'பிள்ள, நான் நடிக்கத்தான் செய்யுதேனோ? எனக்கே இப்ப அப்படித் தோணுது'ன்னு.

— நீ என்ன சொன்ன?

— ரத்தம் எங்கிட்டத்தான் இருக்குன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. அதையும் எழுதி வச்சிருக்கேன்.

— நல்ல வேளை. இப்ப உனக்கு என்ன வேணும்?

— அந்த ரிப்போர்ட் செல்லாது, ரத்தம் லேபுக்கு வந்து சேரவே இல்லன்னு ஒரு லெட்டர். உங்க கையெழுத்தோட. அதைக் கொண்டுபோய் அவிய அண்ணன்கிட்ட குடுத்துருவேன்.

— அதைக் குடுத்தா மறுநாள் பாளையங்கோட்டையில பாதிப் பேரு ரிப்போர்ட்டோட என் வாசல்ல நிப்பான். ஸ்டெபி, நீ படிக்குத டிப்ளமாவுக்கு லேபுல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன்னு சர்டிபிகேட் வேணும். வர்ற முதல் தேதி நான் கையெழுத்துப் போடணும். உனக்கும் நினைவிருக்கும்.

— இருக்கு.

— அப்ப ரெண்டு காரியம் செய்யி. இதைப் பத்தி எழுதுன பக்கத்தையெல்லாம் கிழிச்சிரு. நாளைக்கு வரும்போது அந்தக் குழாயைக் கொண்டாந்து கழிவுப் பெட்டியில போடு. நான் ஒண்ணையும் மனசுல வச்சுக்க மாட்டேன். நீயும் வச்சுக்காத. போய் டீ சொல்லிட்டு வா.

— இன்னொரு சந்தேகம் சார். எனக்குச் சரியாத் தெரியல, தப்பா இருந்தா சொல்லிருங்க.

— நீ எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்ப.

— நோட்டுல ஜூன் 20-க்குப் போங்க.

— "ஜூன் 20, வெள்ளி. அம்மாவின் ரிப்போர்ட் வந்தது. சார் காசு வாங்காமலே செய்து கொடுத்தார். ஹீமோகுளோபின் 12.6. தைராய்டு 2.31. வைட்டமின் டி 34. எல்லாம் சரி. படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொன்னதெல்லாம் வேலைக்குப் போகப் பிடிக்காமல்தான் என்று சத்தம் போட்டுவிட்டேன். சின்னத் தவறு. நாளை: அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்." கேட்டியா?

— கேக்கலை. நான் எந்திரிக்க முன்னாலேயே விடுதிக்குச் சமைக்கக் கிளம்பிட்டாவ. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட லீவு போடலை. முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னதும் இல்ல.

— பாத்தியா. ஒரு தாள் என்ன வேலை செய்யுதுன்னு உன் வீட்டுலயே பாத்துட்ட. இதைத்தான் நானும் இவ்வளவு நேரமா சொல்லுதேன்.

— சந்தனமாரி அக்கா ரிப்போர்ட்டுலயும் 12.6, 2.31, 34 தான் சார். முதல்ல என் கண்ணுதான் பழைய நம்பரைப் பாக்குதுன்னு நெனைச்சேன். நேத்து அந்தத் தாளை போட்டோ எடுத்துட்டு வந்து, அம்மா ரிப்போர்ட்டைப் பக்கத்துல வச்சு, பென்சிலால ஒவ்வொண்ணா டிக் அடிச்சேன். எழுபத்திரண்டும் அதே நம்பர். ஒரு புள்ளிகூட மாறலை.

— ம்.

— எங்க அம்மாவோடதை எடுத்து அக்கா பேர்ல போட்டிருக்கீய. நல்லா இருக்கிற ஒரு பொம்பளையோட ரத்தத்தைக் காட்டி, மயங்கி விழுத ஒரு பொம்பளையை நடிக்காள்னு ஆக்கிட்டீய. 'சாலோமி, உன் ரத்தத்தை எடுத்து இப்படிச் செய்யலாமா'ன்னு எங்க அம்மாகிட்ட யாரு கேட்டா?

— ஸ்டெபி, உக்காரு.

— நிக்கேன் சார்.

— உக்காருன்னு சொல்லுதேன்லா. நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அது உங்க அம்மா நம்பர் இல்ல.

— பின்ன யாரு நம்பரு?

— யாரு நம்பரும் இல்ல. நாப்பது தாண்டுன பொம்பளையளுக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு தாள் வச்சிருக்கேன். ரொம்ப நாளா அதுதான் போகுது. ஆளுக்கு ஆளு கொஞ்சம் மாத்திப் போடச் சொல்லியிருக்கேன், தானியேல் சோம்பேறி, அப்படியே போட்டுருதான்.

— எங்க அம்மா ரத்தத்தை நான்தானே எடுத்தேன். நானே ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டாந்து குடுத்தேனே.

— குடுத்த. இல்லங்கல.

— அதை மெஷின்ல வைக்கலையா?

— காசு குடுத்து வந்தவங்களுக்கே வைக்கலை, பிள்ள. உங்கிட்ட நான் காசு வாங்கலைல்லா.

— நோட்டைக் குடுங்க.

— கிழிச்சிருவியா?

— குடுங்க.

— இந்தா. பைய கிழி, தையல் விட்டுரும்... ஏ பிள்ள, கிழிக்கச் சொன்னா என்ன எழுதுத? ஸ்டெபி, உன்னைத்தான் கேக்கேன். என்ன எழுதுத?

— "2025 ஜூலை 18, வெள்ளி. ஜூன் 20 அன்று அம்மாவிடம் சத்தம் போட்டதைச் சின்னத் தவறு என்று எழுதியிருந்தேன். அது சின்னது இல்லை. இன்று மாலை: வகுப்புக்குப் போக வேண்டாம். சந்தனமாரி அக்காவுக்குப் போன் செய்து ரத்தம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாளை: காலை ஆறு மணி, வெறும் வயிறு. அம்மாவையும் அக்காவையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவால் படி ஏற முடியாது. வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்க வேண்டும்."