அந்திக்கு வராத மழை

யோகராஜ்: சாப்பிட்டியா தங்கச்சி?

சுமித்ரா: கேம்புல சோத்துக்கு என்ன கொறை. மூணு வேளையும் பருப்பு. விசயத்தச் சொல்லுங்கண்ணே.

யோகராஜ்: இல்ல... மண்சரிவப் பத்தி விசாரிக்க நாளைக்கு கொழும்புல இருந்து ஒரு பெரிய ஆபீசர் மஹத்தயா வர்றாராம்.

சுமித்ரா: புயல் வந்துச்சு, மல எறங்குச்சு, எம் புருசன் மண்ணுக்குள்ள போனாரு. இன்னும் என்ன விசாரிக்க இருக்கு?

யோகராஜ்: கடலு சூடாயிருச்சு, அதான் புயலுக்கு இம்புட்டு வெறின்னு டீவியிலயே சொல்றான். அதோட விட்டா பரவாயில்ல. தோட்டத்துத் தொரை வேற மாதிரி சொல்லிட்டாரு.

சுமித்ரா: என்னான்னு?

யோகராஜ்: கோடையில நம்ம லயத்து வீட்டு ஆளுங்க மலச்சரிவு மானாப்புல்லுக்கு தீ வச்சாங்களாம். மல மொட்டையாயிருச்சாம். அதான் மழைக்கு மண்ணு நிக்கலியாம்.

சுமித்ரா: அவரு உச்சியில ரப்பர் மரத்த எல்லாம் வெட்டிச் சாய்ச்சாரே... அது?

யோகராஜ்: அத யாரு கேப்பா. பழி நம்ம மேல நின்னா கவர்மெண்டு புது வீடு கெடைக்காது. லயம் முழுக்க நடுத்தெருவுல.

சுமித்ரா: அதுக்கு?

யோகராஜ்: எல்லாரும் வைக்கல... ஒரே ஒரு ஆளுதான்னு சொன்னா...

சுமித்ரா: எந்த ஆளு?

யோகராஜ்: அது வந்து...

சுமித்ரா: வாயில வந்தத முழுங்காதீங்க.

யோகராஜ்: உம் புருசன் கஜேந்திரன் இப்ப இல்ல. அவன பொலிசுக்கு இழுக்க முடியாது. நீ ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா...

சுமித்ரா: காரியம் முடிஞ்ச ஈரம் காயல. அதுக்குள்ள...

யோகராஜ்: கோவப்படாத. வீடு குடுக்கையில மொத வீடு உனக்கு. நான் பேசிக்கிறேன்.

சுமித்ரா: தீ எரியும்போது அவரு எங்க நின்னாருன்னு தெரியுமா?

யோகராஜ்: அந்தப் பொகையில யாருக்கு என்ன தெரிஞ்சுச்சு...

சுமித்ரா: பச்சக் கொப்ப ஒடிச்சு தீய அடிச்சுக்கிட்டு நின்னாரு. உள்ளங்கைத் தோலு உரிஞ்சு வந்தாரு. ரப்பர் பால் வெட்டுற கத்திய புடிக்க முடியல. மண்ணுல இருந்து எடுக்கையில மூஞ்சி தெரியலண்ணே. அந்தத் தழும்ப வச்சுத்தான் அவருன்னு சொன்னேன்.

யோகராஜ்: வருசா வருசம் நடக்கிறதுதானே தங்கச்சி. காலையில வச்சா அந்திக்கு மழ வந்து அணைச்சிரும். பெறகு எளம்புல்லு வரும். இந்த வருசம் மழ ஏமாத்திருச்சு. வரும்னு நம்பித்தான் வச்சது...

சுமித்ரா: யாரு வச்சது?

யோகராஜ்: பொதுவா சொன்னேன்.

சுமித்ரா: கைய நீட்டுங்க.

யோகராஜ்: என்னத்துக்கு?

சுமித்ரா: லயத்துல எல்லா ஆம்பளையும் அணைக்கப் போனாங்க. எல்லார் கையிலயும் தழும்பு இருக்கு. ஏன் கைய பின்னால மறைக்கிறீங்க? விடுங்க. காட்ட வேணாம்.

யோகராஜ்: உனக்கு... எப்ப தெரியும்?

சுமித்ரா: அன்னிக்கே தெரியும். லயத்துல மாடு வச்சிருக்கிறது நீங்க மட்டுந்தானே. அந்த எளம்புல்லு தின்ன மாட்டுப் பாலத்தான் எம் புள்ளைக்கு தெனமும் ஒரு போத்தல் சும்மா குடுத்தீங்க. அது நின்னுபோயிரும்னுதான் எம் புருசன்கிட்டகூட சொல்லாம வாய மூடிக்கிட்டிருந்தேன்.