பத்தாவது வோட்டு

— …அதால உங்களை நான் ஒண்டும் குறை சொல்லேல்ல, கனகராஜ் தம்பி. விடிய எழுப்பப் போய்க் கண்டது நீங்கள்தானே. நானெண்டா அந்த இடத்திலயே விழுந்திருப்பன்.

— அலாரம் அடிச்சிக்கிட்டே இருந்திச்சிங்க அக்கா. மேல் கட்டில்ல அவரு, கீழ நான். டூட்டிக்கு நேரமாச்சி சாருஜன், எந்திரிங்கன்னு காலப் புடிச்சி ஆட்டினேன். சில்லுன்னு இருந்திச்சி. மார்கழிக் குளிருன்னுதாங்க மொதல்ல நெனச்சேன்.

— நித்திரையில இதயம் நிண்டதெண்டுதான் டொக்டர் சொன்னவராம். நோகாமல்தான் போயிருப்பான், என்ன?

— நோகலீங்க அக்கா. மொகம் அப்புடியே இருந்திச்சி. தெனமும் தூங்குறப்ப பாக்கிற அதே மொகந்தான்.

— சரி. அது காணும் எனக்கு. உள்ளுக்க இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?

— ஹஸ்னைன் பாய் மார்ச்சுவரிக்குள்ள நிக்கிறாரு. எங்க வேர்ஹவுஸ் போர்மன், பாகிஸ்தான்காரரு. பெட்டிய மூடினதும் கூப்புடுவாரு. அப்புறம் நேரா ஏர்போர்ட்தான். நீங்க வேனுக்குள்ளயே இருங்க. டீ வாங்கியாரவா?

— வேண்டாம் தம்பி.

— ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இங்க துபாயில யாரு செத்தாலும் பெட்டி மட்டுந்தான் தனியா போகும். வீட்டாளுங்க கொழும்புல வந்து எடுத்துக்குவாங்க. நீங்க இங்கயே வந்துட்டீங்கன்னு ரூம்ல எல்லாருக்கும் ஆச்சரியம்.

— அங்கயும் எல்லாரும் வேண்டாமெண்டுதான் சொன்னவை. அம்மா போனபிறகு அவனுக்கு நான் ஒருத்திதானே. அவன் வெளிக்கிடேக்க நான் பஸ்சடிக்குக்கூடப் போகேல்ல, சபையில கூட்டம். தனியப் போனவன். வரேக்கயாவது ஆரும் பக்கத்தில இருக்கட்டும் எண்டு நினைச்சன்.

— ஒங்களப் பத்தி அவரு பேசாத நாளே இல்லீங்க. எங்க அக்காதான் பிரதேச சபைத் தவிசாளருன்னு ஜெபல் அலியில பாதிப் பேருக்குத் தெரியும். அவருக்கு நாங்க வச்ச பேரு மெம்பரு. ஹஸ்னைன் பாய் ‘மெம்பர் சாப்’ம்பாரு.

— மெம்பரோ? அவன் சபையில இருந்தது மூண்டே மூண்டு கூட்டம்.

— இருந்தாலும் மெம்பருதாங்க. வந்த மொத வாரம் பாத்ரூமுக்கு யாரு மொதல்ல போறதுன்னு ரூம்ல ஒரே சண்ட. இவரு எல்லாரையும் கட்டில்ல ஒக்கார வச்சாரு. முன்மொழியிறது யாரு, வழிமொழியிறது யாருன்னு கேட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. கையத் தூக்குன்னாரு, தூக்கினோம். தீர்மானம் நிறைவேறிச்சின்னாரு. அதுக்குப் பொறகு சண்டையே இல்லீங்க. சமையல் முறை, தண்ணி கேன் தூக்குற முறை, எல்லாம் கூட்டம் போட்டுத்தான்.

— சின்னன்லயும் அப்பிடித்தான். விளையாட்டுக் கழகம், வாசிகசாலை எண்டு எங்க கூட்டம் எண்டாலும் போய் முன்னால இருப்பான்.

— நான் பொகவந்தலாவப் பக்கம், தேயிலத் தோட்டத்து ஆளுங்க. எங்க லயத்து ரோட்டு ஒடஞ்சா தொரைகிட்டக் கேக்கிறதா, சபைகிட்டக் கேக்கிறதான்னே எங்களுக்குத் தெரியாது. அவருதான் சொல்லித் தந்தாரு. இவங்க கையில இன்னது, அவங்க கையில இன்னதுன்னு. தவிசாளருன்னா ஊருக்கே ராணி மாதிரிதானுங்களே அக்கா?

— ராணியோ. நல்ல ராணி. காணி இல்லையெண்டு அழுதுகொண்டு வருவினம். காணி பிரதேச செயலாளரின்ர கையில, அவர் அரசாங்கத்தின்ர ஆள். பெரிய றோட்டு வேறொரு திணைக்களம். எங்களுக்கு ஒழுங்கை, தெருலைட்டு, சந்தை, வாய்க்கால், குப்பை. பிறகு மயானம். அதுக்கும் சபை கை உயர்த்தோணும். நான் கதிரையில இருப்பன், அவ்வளவுதான்.

— மயானமும் சபைக்குத்தானா?

— ஓம். மழைக்குள்ள சனம் நனைஞ்சு நனைஞ்சு எரிக்குது, ஒரு கொட்டகை போடோணும் எண்டு முதல் கூட்டத்திலயே பிரேரணை கொண்டுவந்தது ஆர் தெரியுமோ? அவன்தான். எதிர்க்கட்சியில இருந்துகொண்டு கொண்டுவந்தான். போன வரியம் தகரம் போட்டு முடிச்சது நான். நாளைக்கு அதுக்குக் கீழதான் அவனை வைக்கப்போறம்.

— அழுங்க அக்கா. வேனுக்குள்ள யாரு இருக்கா. நல்லா அழுங்க.

— … தண்ணிப் போத்தல் ஒண்டு இருந்தாத் தாங்கோ.

— இந்தாங்க. அக்கா, வந்ததுலேருந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஊருலேருந்து யாராச்சும் கூப்புடணுமா?

— செயலாளர் எடுப்பார். இண்டைக்கு அங்க பட்ஜெட் வோட்டு. முதல்தரம் எங்கட பக்கத்தில ஒராள் ஆஸ்பத்திரியில. அண்டைக்குத் தோத்தது. இண்டைக்கு ரெண்டாந்தரம். இதிலயும் தோத்தா என்ர பதவி தன்ர பாட்டில போயிடும்.

— ஐயோ. அப்ப நீங்க இருந்திருந்தா?

— நான் இருந்தா வெண்டிருக்கும். ரெண்டு பக்கமும் சமனாக வரும், அப்ப தவிசாளருக்கு இன்னொரு வோட்டு இருக்கு. நான் இல்லையெண்டால் ஒரு ஆள் குறைவு.

— செத்த வீடுன்னு சொல்லித் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாமே அக்கா?

— கேட்டிருந்தாத் தள்ளியிருப்பினம். அதுக்குப் பத்மநாதன் அண்ணையிட்டக் கேக்கோணும். எதிர்ப்பக்கத்துக்குத் தலைவர் அவர். அந்த வீட்டுப் படியேறி ஒண்டும் கேக்கிறேல்ல எண்டு முடிவெடுத்து ஒண்டரை வரியமாச்சு. அந்த வீட்டைப் பற்றிச் சாருஜன் உங்களுக்குச் சொன்னவனோ?

— தக்ஷாயினின்னு சொல்லுவாருங்க. கல்யாணம் பேசி நின்னுபோச்சின்னு.

— நிண்டுபோகேல்ல, அவர் நிப்பாட்டினவர். தக்ஷாயினி அவரின்ர ஒரே மகள். எங்கட அப்பா இல்லாத காலத்தில அவரின்ர அரிசி மில்லிலதான் தம்பி வேலை பழகினவன். அவரின்ர கட்சியிலதான் எலெக்சனும் கேட்டவன். நான் மற்றக் கட்சியில. ஒரே வீட்டில ரெண்டு போஸ்டர். சனம் சிரிச்சுது. நாங்கள் ஒண்டாச் சாப்பிட்டுப்போட்டு ரெண்டு பக்கமா வோட்டுக் கேக்கப் போவம்.

— ரெண்டு பேரும் வென்னுட்டீங்க.

— ஓம். பிறகு தவிசாளரைத் தெரிவுசெய்யவேணும். அதைச் சனம் போடுறேல்ல, மெம்பர்மார் தங்களுக்குள்ள போடுறது. பதினெட்டுப் பேர். ஒன்பது அங்கால, ஒன்பது இஞ்சால. அங்கால பத்மநாதன் அண்ணை, இஞ்சால நான். சமனா வந்தாத் திருவுளச்சீட்டு. எல்லாரும் அதுக்குத்தான் வந்து இருந்தவை. ஆனா ரகசிய வோட்டு வேணுமெண்டு சபை முடிவெடுத்தது. எண்ணிப் பாத்தா எனக்குப் பத்து, அவருக்கு எட்டு.

— அந்தப் பக்கத்துல ஒருத்தரு மாத்திப் போட்டுட்டாரு.

— ஒருத்தர் என்ன தம்பி. பெட்டிக்குள்ள ஆரின்ர கை எண்டு எழுதியே வைச்சிருக்கு? ஆனா அக்கா கேக்கிறாள், தம்பி உள்ளுக்க இருக்கிறான். ஊர் வேற ஆரை நினைக்கும். வெளியில வந்தன். அவன் வேப்பமரத்துக்குக் கீழ தனிய நிண்டான். ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சு அழுதன். ‘நீ ஒருத்தன் காணுமடா எனக்கு’ எண்டு சொன்னன். எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. பத்மநாதன் அண்ணையும் பாத்தவர்.

— சாருஜன் ஒண்ணுஞ் சொல்லலையா?

— என்ர முதுகைத் தடவினான். ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு கட்சி விசாரணை. நான் போடேல்ல, நான் போடேல்ல எண்டு சொன்னவனாம். தக்ஷாயினிக்கும் அப்பிடித்தான் சொன்னவனாம். ஒருத்தரும் நம்பேல்ல. நம்புவினமோ? கட்சியால நீக்கினவை, மெம்பர் பதவி போச்சு, அந்த இடத்துக்குத் தங்கட வேற ஆளைப் போட்டவை. மில்லால நிப்பாட்டினவர். கலியாணம் போச்சு. சந்தையில துரோகி எண்டு முகத்துக்கு நேர சொல்லிச்சினம். பிறகுதான் இஞ்ச வந்தவன்.

— நீங்க அவர்கிட்ட அதப்பத்திப் பேசினீங்களா அக்கா?

— என்னத்தைக் கதைக்கிறது. விசாரணையில பயத்தில பொய் சொன்னவன், அதை நான் கிண்டினா வெக்கப்படுவான் எண்டு விட்டிட்டன். எனக்காகச் செய்தது எனக்கும் அவனுக்கும் தெரிஞ்சாக் காணும்தானே. பொறுங்கோ, செயலாளர்… ஹலோ, சொல்லுங்கோ ஐயா… ஒன்பதுக்கு எட்டு… சரி. பரவாயில்ல… இல்லையில்ல, நீங்கள் என்ன செய்வியள்… ஓம், பின்னேர பிளைட். விடிய ஊருக்கு வந்திடுவம்… வைக்கிறன்.

— போயிருச்சா அக்கா?

— போட்டுது. அவன் தந்த கதிரை, அவன் போகேக்க அதுவும் போட்டுது. சரிதானே. எனக்கு அதில கவலையில்ல. இனி நான் ஒரு கட்சிக்கும் பயப்பிடத் தேவையில்ல. நாளைக்குச் செத்தவீட்டில ஊர் முழுக்க நிக்கும். பத்மநாதன் அண்ணையும் வருவார், வராமல் விடமாட்டார். பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு சொல்லப்போறன்.

— என்னன்னு?

— ஓம், என்ர தம்பிதான் எனக்குப் போட்டவன் எண்டு. உங்களுக்குப் பயந்து இல்லையெண்டு சொன்னவன், ஆனா போட்டவன். கூடப்பிறந்தவளுக்காகப் பதவியையும் விட்டு, பொம்பிளையையும் விட்டு, இந்த மணலுக்க வந்து செத்தவன். அவன் துரோகியில்ல எண்டு வாய் திறந்து சொல்லப்போறன். இத்தினை நாளா நான் வாய் மூடி இருந்திட்டன்.

— அக்கா, அதச் சொல்லாதீங்க.

— ஏன்?

— சொல்ல வேணாங்க அக்கா. கொண்டுபோயி நல்லபடியா காரியத்தப் பண்ணுங்க. அந்தக் கத அதோட போகட்டும்.

— என்ன கதை இது தம்பி. நான் சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது? துரோகி எண்ட பேரோட அவனை எரிக்கச் சொல்லுறியளோ?

— அதுக்கில்லீங்க.

— அப்ப எதுக்கு? உங்களுக்கு என்ன தெரியும்? எங்கட ஊரைக் கண்டிருக்கிறியளோ நீங்கள்?

— கண்டதில்ல. ஆனா அவரு பக்கத்துல ஒரு வருசம் படுத்திருந்தேங்க அக்கா. என்னைய மன்னிச்சிருங்க. இத ஒங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு நீங்க வந்து எறங்கினதுலேருந்து தவிச்சிக்கிட்டு இருக்கேன். சொல்லாமலே அனுப்பி வச்சிரலாம்னுதான் இருந்தேன். நீங்க ஊரு முன்னாடி சொல்லப்போறேன்னதும் மனசு கேக்கல.

— சொல்லுங்கோ.

— அவரு ஒங்களுக்குப் போடலீங்க.

— என்ன?

— போடல அக்கா. பத்மநாதன் ஐயாவுக்குத்தான் போட்டாரு.

— அது விசாரணையில சொன்ன பொய். அதையே இஞ்ச வந்து உங்களிட்டயும் சொல்லியிருக்கிறான்.

— இங்க எங்ககிட்டப் பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது? எனக்கென்ன கட்சியா இருக்கு? ஒருநா லீவுல ரெண்டு பேரும் துணி தொவச்சிக்கிட்டு இருந்தோம். ஏன் மெம்பரே, அக்காவுக்குப் போட்டுட்டுத்தான் இப்புடி வந்து கஷ்டப்படுறீங்களான்னு வெளையாட்டாக் கேட்டேன். சட்டையப் பிழிஞ்சிக்கிட்டே சொன்னாரு. ‘இல்லடா, நான் வாக்குக் குடுத்த ஆளுக்குத்தான் போட்டனான். அக்கா எண்டு மாத்திப் போட்டா என்ர சனத்துக்கு நான் என்ன மெம்பர்’னு. அப்புறம் பேசவே இல்ல. தொவச்சத எல்லாம் திரும்பவும் தொவச்சாரு.

— அப்ப எனக்குப் போட்டது ஆர்?

— அவருக்கும் தெரியாதாம். அந்த ஆளு இன்னும் அங்கதான் ஒக்காந்திருக்கான்னு மட்டும் சொல்லுவாரு.

— எனக்கேன் சொல்லேல்ல? எல்லாருக்கும் சொன்னவன், எனக்கேன் தம்பி சொல்லேல்ல? நான் நம்பியிருப்பனே.

— அதையும் கேட்டேங்க. ‘அக்கா அண்டைக்குக் கட்டிப்பிடிச்சு அழுதவ. அம்மா செத்த அண்டைக்குப் பிறகு அவ அப்பிடி அழுது நான் காணேல்ல. உனக்குப் போடேல்ல எண்டு எந்த வாயால சொல்லுறது’ன்னாரு. நீங்க எப்பயாச்சும் கேட்டா சொல்லிருவேன்னும் சொன்னாரு. ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் ஒங்ககூட பேசி முடிச்சிட்டு, இன்னைக்கும் கேக்கலன்னு சொல்லிட்டுத்தான் படுப்பாரு.

— நான் கேக்கேல்ல. ஒருநாளும் கேக்கேல்ல. சாப்பிட்டியோ, சம்பளம் வந்ததோ, குளிரோ எண்டு கேட்டன். இதைக் கேக்கேல்ல. அந்த வோட்டு அவன்ர எண்டு இருந்தாத்தான் எனக்கு அந்தக் கதிரையில இருக்க மனம் வந்தது, விளங்குதோ? கேட்டு இல்லையெண்டு சொல்லிப்போடுவானோ எண்டு எனக்கும் உள்ளுக்க ஒரு பயம் இருந்திருக்கு.

— அக்கா, ஹஸ்னைன் பாய் கை காட்டுறாரு. பெட்டிய வெளிய எடுக்கிறாங்க. எறங்கலாங்களா?

— ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்கோ. என்ர போனில காசு முடிஞ்சிருக்கும். உங்கட போனைத் தாங்கோ.

— இந்தாங்க. யாருக்குங்க அக்கா?

— … பத்மநாதன் அண்ணையோ? நான் சுகந்தா… ஓம், தோத்தது கேள்விப்பட்டன், அதுக்கு எடுக்கேல்ல. அண்ணை, விசாரணையில என்ர தம்பி சொன்னது உண்மை. அவன் உங்களுக்குத்தான் போட்டவன்… நான்தான் பிழையான ஆளைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டன். விடிய அவனைக் கொண்டு வாறன். தக்ஷாயினியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.