வெள்ளத்து வருடத்தில் பிறந்த எங்கள் சுருளியம்மாளுக்கு

மலையேறி வரும் பனிக்கும் முன்பாக வார்டுக்கு வந்து சேரும் பெருமாட்டியே, முப்பது ஆண்டுகளாக எங்கள் தோட்டத்து மருத்துவமனையின் முதல் விளக்கை ஏற்றியவரே, நோயாளிக்கு இரங்கினாலும் நோய்க்கு இரங்காதவரே, ஆயா என்று அழைத்த அனைவருக்கும் அன்னையாய் நின்ற சுருளியம்மாளே, வணக்கம்.

மடல் முழுவதையும் தங்களை நோக்கியே எழுத எண்ணினோம். ஆனால் மறையூரிலிருந்தும் மூணாறிலிருந்தும் இந்தப் பணி நிறைவு விழாவுக்கு வந்திருக்கும் விருந்தினர் பலர் தங்களை அறியாதவர்கள். அவர்களுக்குக் கதை சொல்வதுபோல் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். பிழை இருந்தால், வழக்கம்போல் நடுவிலேயே எங்களைத் திருத்தலாம்.

சுருளியம்மாள் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டுப் பெருவெள்ளத்தில். மலை சரிந்து, பாதை அறுந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது, நிறைமாதமாக இருந்த அவருடைய தாயை முதுகில் சுமந்து மேல் லயத்துக்குக் கொண்டு சேர்த்தவர் பெரியமுத்து என்ற இளைஞர். அன்று மாலையே குழந்தை பிறந்தது.

பதின்மூன்று வயதில் அந்தப் பெண் தேயிலைக் கொழுந்தெடுக்க வந்தாள். சிறு பிள்ளைகளைத் தனியாகக் களை பறிக்க அனுப்பிவிடுவார்கள். தாயின் பக்கத்து வரிசையில் நிற்க வேண்டுமானால் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். தாய் பதினெட்டு என்றார். கங்காணி எழுதிக்கொண்டார். இப்படி ஒரே காலைப் பொழுதில் சுருளியம்மாளுக்கு ஐந்து வயது கூடிவிட்டது. பிறகு அதை யாரும் நினைக்கவில்லை, அவர் உட்பட.

மருத்துவமனைக்கு ஆயாவாக வந்தபின் அவர் செய்த பெரிய காரியம் ஒன்றுண்டு. ஓய்வு பெற்ற மறுமாதமே படுத்துக்கொள்வது இத்தோட்டத்தில் பலருக்கும் வழக்கம். வேலை போனால் காலும் போயிற்று என்று அவர்களே முடிவு கட்டுவார்கள். வீட்டாரும் கஞ்சியைப் படுக்கைக்கே கொண்டுவந்து அந்த முடிவை உறுதி செய்வார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரியமுத்துவும் அப்படித்தான் வார்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சாவதற்கென்றே வந்திருந்தார். உறவினர்கள் கோடித்துணி கூட வாங்கிவிட்டதாகப் பேச்சு.

சுருளியம்மாள் தேநீர்ப் பாத்திரத்தை வராந்தாவின் கடைசிக்கு மாற்றினார்.

"டீ அங்க இருக்கு மாமா. வந்து குடிச்சிட்டுச் செத்துப் போங்க, யாரு வேண்டாங்கா?"

பெரியமுத்து அவருடைய தேநீரையும், பரம்பரையையும், தாம் அன்று வெள்ளத்தில் சுமந்த சுமையையும் திட்டிக்கொண்டே வராந்தா முழுவதும் நடந்தார். மறுநாளும் திட்டினார், மறுநாளும் நடந்தார். எழுபத்து மூன்று வயதில் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின் அதே வராந்தாவில் நடந்து வீடு போய்ச் சேர்ந்த முதியவர்கள் அநேகர். முதுமை நோயல்ல என்பதை எங்கள் மருத்துவரே சுருளியம்மாளைப் பார்த்துத்தான் நம்பத் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஜனவரியில் ஓய்வு ஆணை வந்தது. தோட்டத்து ஏட்டின்படி ஐம்பத்தெட்டு நிறைந்துவிட்டதாம். மூன்று நாள் சுருளியம்மாள் பணிக்கு வரவில்லை. வார்டு சமையல்காரர் மாரித்தாய் லயத்துக்குப் போய்ப் பார்த்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலைமாட்டில் மருமகள் வைத்த கஞ்சி.

"இனி என்னத்த இருக்கு மாரி, வயசாயிப் போச்சுல்லா" என்றாராம்.

மாரித்தாய் அழுதுகொண்டே வந்து சொன்னதும், கம்பவுண்டர் யாக்கோபுக்கு வெள்ளத்துக் கதை நினைவுக்கு வந்தது. உண்மை வயது ஐம்பத்து மூன்றுதானே. உடனே மனு ஒன்றைத் தட்டச்சு செய்தார். ஊழியர் பதினான்கு பேரும் கையெழுத்திட்டோம். மருத்துவர் சான்று தரவும், பெரியமுத்து சாட்சி சொல்லவும் முன்வந்தார்கள். இன்னும் ஐந்து ஆண்டுகள் வேலை உண்டு என்று கேட்டதும் சுருளியம்மாள் எழுந்து, குளித்து, மறுநாள் விடியுமுன் வார்டில் நின்றார்.

மனுவில் அவர் கையெழுத்து மட்டுமே பாக்கி. மேலாளரிடம் கொடுக்க வேண்டிய நாளில் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "இந்தக் காயிதம் இல்லாட்டி நான் படுத்தேதான கெடந்திருப்பேன், கம்பவுண்டரய்யா?"

யாக்கோபு பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"அம்பத்திமூணுன்னா நடக்குற காலு, அம்பத்தெட்டுன்னா நடக்காதோ? இத்தன வருசமா ஊரையெல்லாம் வெரட்டுனேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதுல கையெழுத்துப் போடுவேன்?"

தாளை மேசைமேல் வைத்துவிட்டு வார்டுக்குப் போனார். எங்களில் பலருக்கு இன்றுவரை சம்மதமில்லை. நியாயமாக அவருக்கு வரவேண்டிய ஆண்டுகள் அவை. மறுநாளும் யாக்கோபு அதே தாளை நீட்டினார். "ஒமக்கு வயசாகும்போது ஒதவும், பத்திரமா வச்சுக்கிரும்" என்று பதில் வந்தது. அதன்பின் இன்றுவரை அவர் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை; ஒரு நாளும் படுக்கவும் இல்லை.

அன்புக்குரிய சுருளியம்மாளே, இனித் தங்களிடமே பேசுகிறோம். வரும் திங்களன்று தாங்கள் திருச்செந்தூருக்குப் பேருந்து ஏறப்போவதாக அறிகிறோம். இதுவரை கடலைப் பார்த்ததில்லை என்று மாரித்தாயிடம் சொன்னீர்களாம். அலை காலில் படும்போது பயப்பட மாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்ததும் லயம் லயமாகப் போய், படுத்திருப்பவர்களைப் பார்க்கத் தாங்கள் மருத்துவரிடம் அனுமதி கேட்டிருப்பதும் தெரியும். படுத்திருப்பவர்களுக்கு எங்கள் அனுதாபம்.

நூறாண்டு என்று எண்ணிச் சொல்லி வாழ்த்த எங்களுக்கு மனமில்லை. தங்களுக்கு எத்தனை வயது என்பதை இனி யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. எந்த வயதிலும், கண் விழித்ததும் இன்று எங்கே போகலாம் என்று கேட்கும் மனமும், கூட்டிப்போகும் கால்களும் தங்களுக்கு என்றும் வாய்க்கட்டும்.

தங்களோடு பணியாற்றிய நிறைவுடன்,
தோட்ட மருத்துவமனை ஊழியர் பதினான்கு பேர்
31.3.1977